38,000 டாலர், மூன்று மசில் கார்கள்: எதை வாங்குவது?

வுட்வர்ட்_வாசி (ட்ராய், மிச்சிகன்)

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் பதிவு, கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 ஆகஸ்டில் வேலைக்காக இந்த ஊரில் வந்து இறங்கினேன். வந்த இரண்டாவது வாரமே வுட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ். பழைய கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. சிக்னலில் ஒரு 1966 பான்டியாக் ஜிடிஓ வந்து நின்றது. ஓட்டியவருக்கு எழுபது வயதாவது இருக்கும். வண்டி சும்மா நிற்கும்போதே பஸ் நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. அப்படி ஒரு மசில் கார், அதாவது சாதாரண உடம்பில் பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்கக் கார், வாங்க வேண்டும் என்று அன்றிலிருந்து மனத்தில் இருக்கிற ஆசை இது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், கையில் 38,000 டாலர் சேர்ந்திருக்கிறது, மனைவியும் சரி என்று சொல்லிவிட்டாள்.

எண்ணெய் மாற்றுவது, பிரேக் வேலை, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது எல்லாம் நானே செய்வேன். வெல்டிங் தெரியாது. இரண்டு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது.

இப்போது கண்ணில் பட்டிருப்பவை மூன்று.

ஒன்று, 1970 செவர்லே செவெல் எஸ்எஸ் 396 (எஸ்எஸ் என்பது சூப்பர் ஸ்போர்ட் என்ற வேக வகை, 396 என்பது கன அங்குலத்தில் எஞ்சின் அளவு). சிவப்பு, கறுப்புப் பட்டைகள். முழுக்கப் புதுப்பித்தது, எண்கள் எல்லாம் பொருந்தும், அதாவது கார் பிறந்தபோது போட்ட அதே எஞ்சின், என்று விளம்பரம். 44,500 கேட்கிறார், பேசலாம் என்கிறார்.

இரண்டு, 1968 பிளிமத் ரோட் ரன்னர், 383 எஞ்சின். 1991-லிருந்து ஒரு களஞ்சியத்தில் நிற்கிறதாம். எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, தரையில் கொஞ்சம் ஒட்டு வேலை மட்டும் பாக்கி என்று எழுதியிருக்கிறார். 14,000.

மூன்று, 1969 மஸ்டாங், பின்பக்கம் சரிந்த கூரை உள்ளது. 351 எஞ்சின், நான்கு கியர். ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டி. பெயின்ட் சுமார். 33,000.

மனம் ரோட் ரன்னரிடம் போகிறது. வாங்கிப் போட்டால் 24,000 டாலர் மிச்சம் இருக்கும், அதில் மெதுவாக முடித்துவிடலாமே என்று ஒரு கணக்கு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எட்டு_சிலிண்டர் (க்ளீவ்லண்ட், ஓஹையோ)

வாருங்கள் தம்பி. வெல்டிங் தெரியாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதனால் ரோட் ரன்னரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

என் 1967 கமேரோவின் பில் கட்டு இதோ மடியில் இருக்கிறது. 2013-ல் 9,500-க்கு வாங்கினேன். "தரையில் கொஞ்சம் ஒட்டு வேலை" என்ற அதே வாக்கியம் என் விளம்பரத்திலும் இருந்தது. பெயின்டைச் சுரண்டியபோது பின்சக்கரத்துக்கு மேலே அரை அங்குலத்துக்குப் பட்டி பூசியிருந்தார்கள். பட்டியைத் தட்டி எடுத்தால் உள்ளே தகடே இல்லை, வலை வைத்து மூடியிருந்தது. தகடும் டிங்கரிங்கும் 19,000. பெயின்ட் 14,000. எஞ்சின் 8,200. சீட்டும் உள்துணியும் 4,600. குரோம், ரப்பர், கண்ணாடி, வயரிங் என்று சில்லறையாகப் போனது மட்டும் 7,000. ஆக 62,000 தாண்டிவிட்டது. ஏழு வருடம். நான் முடித்த அதே மாதத்தில் என் வண்டியைவிட நன்றாக இருந்த ஒன்று பக்கத்து ஊரில் 42,000-க்குப் போனது.

முதலில் கொடுத்த கடையில் பதினான்கு மாதம் கூடு அப்படியே கிடந்தது. கடைசியில் பாதி பிரைமரோடு ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்தப் பதினான்கு மாதமும் என் மகள் பள்ளி முடித்த வருடத்தில் வந்தது. அந்தக் காரில் அவளைப் பட்டமளிப்பு விழாவுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டேன். அது நடக்கவில்லை.

எஞ்சினைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மேசையில் வைத்து ஒரு குளிர்காலத்தில் கட்டிவிடலாம். பணத்தைத் தின்பது தகடுதான். வாங்கும்போது தகட்டை வாங்குங்கள், எஞ்சின் சும்மா கூட வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோப்பார்_மாறன் (சான் ஆன்டோனியோ, டெக்சஸ்)

எட்டு அண்ணன் பட்ட பாடு தெரியும், ஆனாலும் ரோட் ரன்னரை இப்படி ஒரே வரியில் தள்ளிவிடக் கூடாது.

1968-ல் அந்தக் கார் வந்த கதையைப் பாருங்கள். அதற்குள் மற்ற மசில் கார்கள் எல்லாம் விலை ஏறிவிட்டன. மெத்தை, குரோம், தனித்தனி சீட் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். பிளிமத் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டது. நீளமான ஒரே பெஞ்ச் சீட், தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு. ஆனால் 383 எஞ்சினுக்கு 440-இன் ஹெட்டையும் கேம்ஷாஃப்ட்டையும் வைத்து 335 குதிரைத்திறன் கொடுத்தார்கள். விலை 2,896 டாலர். கார்ட்டூன் பறவையின் பெயருக்கு வார்னர் பிரதர்ஸுக்குப் பணம் கட்டி, அதன் கூவலைப் போலவே ஹாரனும் வைத்தார்கள். முதல் வருடமே கிட்டத்தட்ட 45,000 வண்டி போனது. வேலைக்குப் போகும் இருபது வயதுப் பையன் தன் சம்பளத்தில் வாங்க முடிந்த வேகம் அது. எனக்கு அதில் இருக்கும் மரியாதை எந்த ஃபெராரியிடமும் இல்லை.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பிளிமத் கிறைஸ்லருடையது. கிறைஸ்லர் கார்களில் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். முன்பக்கம் சுருள்வில் இல்லை, டார்ஷன் பார் என்ற நீளக் கம்பி. அந்தக் கம்பியின் பின்முனை ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே ஒரு குறுக்குத் தகட்டில் உட்காரும். அந்த இடம் துருப்பிடித்திருந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பின்பக்கப் பட்டை வில்லின் முன்முனை மாட்டும் இடம், டிக்கித் தரையின் இரண்டு ஓரம், பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு. கையில் ஸ்க்ரூடிரைவர் எடுத்துப்போங்கள், உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் குத்திப் பாருங்கள். டண் என்று சத்தம் வந்தால் இரும்பு. உள்ளே போனால் பிஸ்கட்.

டாஷ்போர்டின் மேல் கண்ணாடி வழியாகத் தெரியும் வின் எண், அதாவது காரின் அடையாள எண், ஆர்எம்21எச்8 என்று தொடங்க வேண்டும். ஆர்எம் என்றால் ரோட் ரன்னர், 21 என்றால் பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூணுள்ள இரண்டு கதவுக் கூப்பே (தூணில்லாத கூரை என்றால் 23), எச் என்றால் 383, 8 என்றால் 1968. அந்த எச் இருக்கும் இடத்தில் ஜே இருந்தால் 426 ஹெமி, அபூர்வமான பந்தய எஞ்சின். அப்படி இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் 14,000-ஐக் கொடுத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்யுங்கள். பின்சீட்டின் வில்களுக்குள் மடித்துச் செருகிய ஒரு தாள் கிடைக்கலாம். தொழிற்சாலையில் அந்தக் காரோடு போன வேலைத்தாள் அது. எலி விட்டுவைத்திருந்தால் பொக்கிஷம்.

ஸ்காபரோ_தம்பி (டொரோன்டோ)

வணக்கம் அண்ணை. நான் செவெல் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் எனக்குக் கொஞ்சம் அனுபவம்.

"1970 எஸ்எஸ்" என்ற சொல்லைக் கேட்டவுடனே ஆதாரம் கேளுங்கோ. 1966 முதல் 1968 வரைக்கும் எஸ்எஸ் 396 ஒரு தனி மாடல், வின் எண் 138 என்று தொடங்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும். 1969-லிருந்து அது கூடுதல் பணம் கட்டி வாங்கும் வெறும் விருப்பத் தொகுப்பு ஆகிவிட்டது. 1970-இல் எஸ்எஸ்ஸும் 136, பக்கத்து வீட்டு மாலிபு வி8-உம் (எஸ்எஸ் இல்லாத சாதாரண செவெல்) 136. எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல ஏலாது. பட்டை, எழுத்து, பானட், வட்ட மீட்டர்கள் எல்லாம் புதிதாகவே விற்கிறார்கள். ஒரு வார இறுதியில் மாலிபு எஸ்எஸ் ஆகிவிடும்.

ஓம், ஆவணம் இருக்கலாம். தொழிற்சாலை வேலைத்தாள் இந்தக் கார்களில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் ஒட்டிக்கிடக்கும், டேங்கை இறக்கினால்தான் தெரியும். வாரண்டிப் புத்தகத்தில் பதித்த சின்ன உலோகத் தகடு இன்னொன்று. இரண்டும் இல்லாவிட்டால் அமெரிக்காவில் விற்ற செவர்லேக்கு எழுதிக் கேட்க ஒரு பதிவேடு கிடையாது. கனடாவில் விற்றது என்றால் எங்கள் அதிர்ஷ்டம், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடா கிளையிடம் பழைய பதிவுகள் இருக்கின்றன, கட்டணம் கட்டினால் அனுப்புவார்கள்.

எஞ்சினையும் பாருங்கோ. ப்ளாக்கின் முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்குக் கீழே தட்டையான ஒரு இடம். அதில் வின் எண்ணின் கடைசிப் பகுதி அடித்திருக்கும். அந்தப் பரப்பில் நேர்கோடாக மெல்லிய கீறல்கள் தெரிய வேண்டும். மழுமழு என்றிருந்தால் யாரோ தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கலாம். அப்புறம் ப்ளாக் வார்த்த தேதி. மாதத்துக்கு ஓர் எழுத்து, ஏ என்றால் ஜனவரி. எஞ்சினை வார்த்த தேதி காரைக் கட்டிய தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லையா?

தேவி_ஃபோர்டு (ஷார்லட், வட கரோலினா)

மஸ்டாங்குக்கு யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். 1966 மஸ்டாங் ஒன்றைப் பதினொரு வருடமாக வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போதும் சில நாள் அதில்தான் போவேன்.

ஃபோர்டுக்காரர்களுக்கு ஒரு பெரிய வரம் உண்டு. 1967-லிருந்து கட்டிய கார்களின் விவரம் முழுக்கப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வின் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் மார்ட்டி ரிப்போர்ட் வரும். என்ன நிறம், என்ன கியர்பாக்ஸ், என்னென்ன விருப்பங்கள், எந்த விற்பனையாளருக்குப் போனது, எல்லாம் இருக்கும். விலை பேசுவதற்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள். வின்னில் ஐந்தாவது இடத்து எழுத்தைப் பாருங்கள். எச் என்றால் 351, இரண்டு குழல் கார்புரேட்டர், 250 குதிரைத்திறன். எம் என்றால் நான்கு குழல், 290.

அடுத்தது கௌல். கண்ணாடிக்கு முன்னால் வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்றுப் பெட்டி. மஸ்டாங்கின் உயிர்நாடி அதுதான். இலை தழை விழுந்து அடைத்து, நீர் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே ஒன்றுமே தெரியாது. ஒரு குடம் தண்ணீரை மெதுவாக அதில் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் சொட்டினால் ஓட்டை. அதை மாற்ற நூற்றுக்கணக்கான வெல்டிங் புள்ளிகளைத் துளைத்து எடுக்க வேண்டும். நான் செய்ய வைத்திருக்கிறேன், சுலபமில்லை.

தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதுவே பதில்.

வுட்வர்ட்_வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று செவெலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்காபரோ தம்பி எழுதியதை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

கார் அழகு. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயின்டில் முகம் தெரிகிறது. ஆனால் வேலைத்தாள் இல்லை, வாரண்டித் தகடு இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் முன்சுவரில் இருந்த தொழிற்சாலைத் தகட்டில் 01சி என்று இருந்தது, அதாவது ஜனவரி மூன்றாவது வாரம் கட்டிய கார். ப்ளாக்கின் வார்ப்புத் தேதியைப் படம் எடுத்து வந்து வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன்: சி 18 0. மார்ச் 18, 1970. கார் கட்டி முடித்து இரண்டு மாதம் கழித்து வார்த்த எஞ்சின்!

உரிமையாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று நினைக்கிறேன். அவரும் "எண்கள் பொருந்தும்" என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். குரலே இறங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

எட்டு_சிலிண்டர்

பாவம். இப்படி ஒரு பொய் ஒருமுறை சொல்லப்பட்டால் அடுத்தடுத்த நல்லவர்கள் கையில் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். 38,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம் தம்பி.

மோப்பார்_மாறன்

ஏன் வேண்டாம்? நகல் என்று தெரிந்து, நகலின் விலைக்கு வாங்கினால் அதில் என்ன பாவம்? பெரிய எஞ்சின், முன்பக்கம் டிஸ்க் பிரேக், நல்ல பெயின்ட். உண்மையான எஸ்எஸ்ஸை வாங்கியவர் மழை வந்தால் வெளியே எடுக்கமாட்டார். நகலை வைத்திருப்பவர்தான் மனம்போல ஓட்டுகிறார்.

எட்டு_சிலிண்டர்

பாவம் காரில் இல்லை மாறா, சொல்லில் இருக்கிறது. விளம்பரத்தில் "மாலிபு, எஸ்எஸ் போல ஆக்கியது" என்று எழுதட்டும், நானே போய்ப் பார்க்கிறேன். இங்கே எஸ்எஸ் என்று எழுதி எஸ்எஸ் விலை கேட்கிறார்கள். நாளைக்கு இவர் விற்கும்போது இவரும் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை நஷ்டப்பட வேண்டும்.

மோப்பார்_மாறன்

அது சரி. அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

உண்மைக்கும் நகலுக்கும் நடுவே எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1971 பிளிமத் ஹெமி குடா, கூரை திறக்கும் வகை, மொத்தம் கட்டியது 11. 2014-ல் சியாட்டில் மீக்கம் ஏலத்தில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அதே உடம்பு சாதாரண 383 எஞ்சினோடும் வந்தது. வின் எண்ணில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இவ்வளவு பணம் ஓர் எழுத்தில் இருந்தால் பொய் வரத்தான் செய்யும். கிறைஸ்லர் வின் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் பூப்போன்ற வடிவத்தில் இருக்கும். சாதாரண வட்ட ரிவெட்டைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். வின் தகட்டைக் கழற்றுவதே இங்கே குற்றம்.

தேவி_ஃபோர்டு

பெரிய எஞ்சின் கார்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று என் மகன் கேட்டான், அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

இதன் ஆயுளே மிகச் சின்னது. ஜிஎம் (செவர்லே, பான்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபீல் எல்லாம் அதன் பிராண்டுகள்) தன் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக் கூடாது என்று வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் ஆட்களும் 1964-ல் டெம்பஸ்ட் லெமான்ஸுக்கு 389 எஞ்சினை ஒரு விருப்பத் தொகுப்பாக வைத்தார்கள். தனி மாடல் இல்லையே, விதி எங்கே மீறப்பட்டது? அதுதான் ஜிடிஓ. முதல் வருடமே 32,450 விற்றது. அப்புறம் எல்லா நிறுவனமும் பின்னால் ஓடி வந்தது. வரம்பு 400 ஆகி, 1970-க்கு அதையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் செவெலில் 454, பியூக்கிலும் ஓல்ட்ஸ்மொபீலிலும் பான்டியாக்கிலும் 455 எல்லாம் ஒரே வருடத்தில் வந்து குதித்தன. செவெலின் 454-இல் எல்எஸ்6 என்ற வகை 450 குதிரைத்திறன்.

உச்சியும் அதுதான், இறக்கமும் அங்கிருந்துதான். இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. ஈயமில்லாத பெட்ரோலுக்காக 1971-ல் ஜிஎம் அமுக்க விகிதத்தைக் குறைத்தது, திறனும் குறைந்தது. அந்த வருடத்தோடு ஹெமி நின்றது. 1972-லிருந்து எஞ்சினில் எல்லா உபகரணங்களையும் மாட்டி அளந்த நிகரத் திறனையே எழுதினார்கள். 1971 விளம்பரத்தில் 365 என்றிருந்த செவெல் 454 அடுத்த வருடம் 270 ஆகிவிட்டது. 1972 கார்களைக் காகிதத்து எண்ணைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அளவுகோலே மாறியிருக்கிறது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. சும்மா எட்டு ஒன்பது வருடக் கதை இது முழுக்க.

வுட்வர்ட்_வாசி

தேவி அக்கா, இதைப் படித்துவிட்டு மறுபடி ஜிடிஓ ஆசை வந்துவிட்டது.

மற்ற இரண்டையும் பார்த்துவிட்டேன். ரோட் ரன்னரின் எண் ஆர்எம்21எச்8 சரியாக இருந்தது. முன் உட்ஃபெண்டரில் தொழிற்சாலைத் தகடும் இருந்தது. பின்சீட்டைத் தூக்கினோம், எலிக்கூடுதான் இருந்தது. மாறன் சொன்ன குறுக்குத் தகட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. எனக்கு முன்னால் காரை விற்கும் பெரியவர் "அடடா" என்பதுபோல ஒரு சத்தம் போட்டார். அவர் அண்ணன் வியட்நாம் போவதற்கு முன் வாங்கிய காராம். அண்ணன் திரும்பி வந்து இருபது வருடம் ஓட்டியிருக்கிறார். யாராவது வெல்டிங் தெரிந்தவர் எடுத்துப் பிழைக்க வைக்க வேண்டும், உடைக்கிறவரிடம் போகக் கூடாது என்றார். மாறன், உங்கள் டெக்சஸ் வட்டத்தில் ஆள் இருந்தால் சொல்லுங்கள், நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

மஸ்டாங்: தண்ணீர் ஊற்றினோம். பயணி பக்கம் ஓடை போல வந்தது. உரிமையாளர் ஒளிக்கவில்லை, "எனக்குத் தெரியும், விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மார்ட்டி ரிப்போர்ட்டில் தானியங்கி கியராக இருந்தது, இப்போது நான்கு கியர் போட்டிருக்கிறார்கள். அதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கௌல் மாற்றும் வேலை என் கையில் இல்லை.

ஆக மூன்றும் இல்லை என்றாகிவிட்டது.

மோப்பார்_மாறன்

நம்பரை அனுப்புங்கள். ஹூஸ்டன் பக்கம் ஒருவர் இருக்கிறார், ரோட் ரன்னர் போன்ற பி பாடி கார்களையே பதினைந்து வருடமாகக் கட்டுகிறார். அவரிடம் தரைத்தகட்டு அச்சும் சட்டமும் இருக்கின்றன. ட்ரெய்லர் செலவை நான் பேசிக்கொள்கிறேன்.

எட்டு_சிலிண்டர்

மூன்றும் இல்லை என்றால் நல்லதுதான், பணம் முழுசாக இருக்கிறது.

தம்பி, ஒன்று கேளுங்கள். பெரிய பெயர்களுக்குப் பக்கத்திலேயே அவற்றின் உடன்பிறப்புகள் நின்றன. ஓல்ட்ஸ்மொபீல் 442-க்குப் பக்கத்தில் கட்லஸ். பியூக் ஜிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஸ்கைலார்க். ரோட் ரன்னருக்குப் பக்கத்தில் சேட்டலைட். ஜிடிஓவுக்குப் பக்கத்தில் லெமான்ஸ். அதே உடம்பு, அதே கதவு, அதே சட்டகம். எஞ்சின் கொஞ்சம் சின்னது. இவற்றை யாரும் பந்தயத்தில் அடித்து நொறுக்கவில்லை. பள்ளி ஆசிரியர்களும் நர்ஸுகளும் ஓட்டினார்கள். பொய் சொல்லி விற்க யாருக்கும் காரணமும் இல்லை. ஏஎம்சி ஜாவ்லினையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விஸ்கான்சின் கெனோஷாவில் கட்டியது, உதிரிபாகம் தேடுவது சிரமம் என்பதால் விலை இன்னும் கைக்கு எட்டுகிறது.

பான்டியாக் என்றால் இன்னொரு வசதி. 350, 400, 455 எல்லாம் வெளியே ஒரே அளவு. பின்னாளில் ஆசைப்பட்டால் 400-ஐ இறக்கி அதே இடத்தில் மாட்டிவிடலாம்.

ஸ்காபரோ_தம்பி

அண்ணை சொல்வது நூறு வீதம் சரி. எங்கள் பக்கம் போமான்ட் என்று ஒன்று இருந்தது. செவெலின் உடம்பு, கனடாவுக்கென்று செய்தது, பான்டியாக் கடைகளில் விற்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பெயரே தெரியாது. என் அப்பா 1985-ல் இங்கே வந்தபோது வேலை செய்த இடத்து மேற்பார்வையாளர் ஒரு போமான்டில்தான் அவரைக் காலையில் ஏற்றிக்கொண்டு போவாராம். அதனால்தான் எனக்கு இந்தப் பைத்தியமே. உப்புத் தூவும் ரோட்டில் எத்தனை கரைந்துபோயிற்றோ.

வுட்வர்ட்_வாசி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்க வேண்டும், நல்ல செய்தியோடு வருகிறேன்.

1968 பான்டியாக் லெமான்ஸ், இரண்டு கதவு, தூணில்லாத கூரை. கெண்டக்கியில் ஒரு அம்மாவிடமிருந்து. அவர் கணவர் 1979-ல் வாங்கியது. 24,500 கேட்டார்கள், 23,000-க்கு முடிந்தது.

வின் எண் 237378பி என்று தொடங்குகிறது. ஜிடிஓ என்றால் 242 என்று தொடங்கும், இது 237, சுத்தமான லெமான்ஸ். அந்த அம்மாவும் ஒருமுறைகூட ஜிடிஓ என்று சொல்லவில்லை. வின்னைக் கொடுத்துப் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் தொழிற்சாலைப் பதிவின் நகலை வாங்கினேன். பச்சை நிறம், 350 எஞ்சின், இரண்டு வேகத் தானியங்கி கியர், ரேடியோ. கார் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பெயின்ட் மட்டும் ஒருமுறை அடித்திருக்கிறார்கள்.

இரண்டு மணி நேரம் கீழே படுத்திருந்தேன். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சக்கர வளைவுகள், கதவின் அடி, பின்கண்ணாடி மூலைகள் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கப் பின்வளைவில் கையகலம் மட்டும் காந்தம் பிடிக்கவில்லை. டிக்கித் தரையில் மேலோட்டமான துரு. சட்டகம் முழுக்க டண் டண் என்றது. மற்றபடி கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொள்கிறது.

பதிவு நகலில் இன்னொன்றும் பார்த்தேன். பி என்பது பான்டியாக் நகரத் தொழிற்சாலை. வுட்வர்ட் அவென்யூ டெட்ராய்டில் தொடங்கிப் போய் முடியும் ஊர் அது. என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. ஐம்பத்து சொச்சம் வருடம் கழித்து, கெண்டக்கியிலிருந்து பிறந்த இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. ட்ரெய்லரிலிருந்து இறக்கியபோது என் மனைவிதான் முதலில் சாவியை வாங்கினாள்.

தேவி_ஃபோர்டு

கண் கலங்கிவிட்டது. வாழ்த்துகள்!

ஓட்ட ஆரம்பிக்கும் முன் சிலவற்றைச் செய்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2309 என்றால் 2009-இன் இருபத்து மூன்றாவது வாரம். மேல் வரிகள் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் வயதானால் தூக்கிப் போடுங்கள். ரப்பர் பெட்ரோல் குழாய்களை எல்லாம் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து கரைக்கும், தீப்பிடிப்பதே அதனால்தான். நான்கு சக்கரமும் டிரம் பிரேக் என்று நினைக்கிறேன். நனைந்தால் ஒரு பக்கம் இழுக்கும், முன்னால் போகும் காரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

இன்சூரன்ஸை நீங்களும் கம்பெனியும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். சாதாரண பாலிசியில் ஐம்பது வருடத் தேய்மானம் போட்டுக் கொடுப்பார்கள்.

எட்டு_சிலிண்டர்

எண்ணெயைப் பற்றி நான். இந்தக் காலத்து எண்ணெயில் துத்தநாகம் குறைவு. அந்தக் காலத்துக் கேம்ஷாஃப்ட்டில் உருளை கிடையாது, தட்டையான டேப்பெட் நேராக உராயும். துத்தநாகம் அதிகமுள்ள, பழைய கார்களுக்கென்றே விற்கும் எண்ணெய் போடுங்கள். நான் கட்டிய எஞ்சினில் முதல் கேம் 400 மைலில் தேய்ந்து போனதற்குக் காரணம் இதுதான்.

யாராவது வந்து ஜிடிஓவின் ரப்பர் மூக்கை, அதாவது அதன் முன் பம்பரை, மாட்டச் சொல்வார்கள். மாட்டாதீர்கள் தம்பி.

வுட்வர்ட்_வாசி

மாட்டமாட்டேன் அண்ணா. குரோம் பம்பர் அப்படியே இருக்கும்.

எண்ணெயும் குழாயும் மாற்றியாகிவிட்டது, டயர் வெள்ளிக்கிழமை வருகிறது. ஒரே ஒரு சந்தேகம். பெட்ரோல் மானி எப்போதும் பாதியிலேயே நிற்கிறது, நிரப்பினாலும் அப்படித்தான். டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

எட்டு_சிலிண்டர்

இறக்கும் முன் இதைப் பாருங்கள். டிக்கிப் பக்கம் டேங்குக்குப் போகும் பழுப்பு நிற ஒயரைக் கழற்றுங்கள். சாவி போட்ட நிலையில் முள் முழுசுக்கு மேலே போக வேண்டும். அதே ஒயரின் முனையைச் சட்டகத்தில் தொட்டால் காலிக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் மானி நன்றாக இருக்கிறது, உள்ளே மிதவை சிக்கியிருக்கிறது. இறக்குவதானால் கால் டேங்குக்குக் கீழே வரும்வரை ஓட்டிவிட்டு இறக்குங்கள். அப்புறம் டேங்கின் மேல்பக்கத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் தாள் ஏதாவது இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள்.